துணி அச்சடித்த கட்டடத்தில் எங்கள் ரோல்ஸ்

சுவிஸில் வெங்காயம் வதக்கவும் ஊரிடம் சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு பேசும் நொஷாட்டலுக்கு அருகே, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் நானும் கணவர் சேவியரும் மரக்கறியோ இறைச்சியோ வைத்துச் சுற்றிப் பொரிக்கும் ரோல்ஸ் செய்யும் பட்டறை தொடங்க விரும்பினோம். நகரசபை எங்கள் விண்ணப்பத்தை, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்ற அறிவித்தலோடு கட்டடக் கதவில் ஒட்டியது. எதிர்வீட்டு முதியவர் ஜாக் உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பேக்கரியின் மணம்தான் அந்தத் தெருவுக்கே விளம்பரம். ஷெல் விழுந்து அது எரிந்த பிறகு அகதிகளாக இங்கு வந்து, ஆண்டுக்கணக்காக உணவகங்களில் பாத்திரம் கழுவினோம். சொந்தமாக ஓர் அடுப்பு மூட்டிவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் அத்தனை காலமும் கழிந்தது.

"விடுவம். இந்தச் சனத்தோட ஏன் மல்லுக்கட்டுவான்?" என்றார் சேவியர்.

"நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்" என்று ரோல்ஸ் தட்டுடன் போய் ஜாக்கின் கதவைத் தட்டினேன்.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. கட்டடத்தைக் காட்டி, "அது அந்தியென் கட்டடம்" என்றார். பிரெஞ்சில் அந்தச் சொல் இந்தியப் பெண்ணைக் குறிக்கும்.

"நான் இந்தியப் பெண் இல்லை. இலங்கை" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

அவர் உள்ளே போய், சட்டமிட்ட சிவப்புப் பூத்துணி ஒன்றைக் கொண்டு வந்தார். இந்தியக் கரைகளிலிருந்து வந்த துணியைப் பார்த்து இங்கே அச்சடித்ததற்கும் அந்தியென் என்றுதான் பெயராம். இந்த ஊரின் ஆரம்பகாலத் தொழில் அது. அவருடைய முன்னோர் அந்தக் கட்டடத்தில்தான் அச்சடித்தார்களாம். அங்கே எண்ணெய் மணக்கப்போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"உங்கள் முன்னோர் இந்த ஊரவர்களா?"

"இல்லை. மதத்துக்காகப் பிரான்ஸிலிருந்து துரத்தப்பட்டவர்கள்."

"அப்படியானால் அவர்களும் அகதிகள். சாயம் காய்ச்சியபோது மணக்கவில்லையா?"

என் பிரெஞ்சு தடுமாறியது, கேள்வி தடுமாறவில்லை. ஜாக் துணிச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நாறித்தான் இருக்கும்" என்றார். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அடுத்த கிழமை ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார்.

இன்று எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த மன்னார் மேரி அக்காவும் ஜாக்கின் மருமகளும் ஒரே மேசையில் நின்று ரோல்ஸ் சுற்றுகிறார்கள். ஃப்ரிபூர்க், பாசல் கடைகள்வரை எங்கள் பெட்டிகள் போகின்றன. அகதிகள் தொழில் தொடங்கிய ஓர் ஊரில் நாங்களும் தொடங்கியிருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பெட்டிக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தபோது, எந்த ஊரின் பெயரைப் பெரிதாகப் போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள்.

"யாழ்ப்பாணம் எண்டு போடுவமோ?" என்று சேவியர் என்னைப் பார்த்தார்.

"நொஷாட்டலையும் அதே அளவில போடச் சொல்லுங்கோ."

இரண்டும் நீளமான பெயர்கள். லேபிளில் இடம் போதவில்லை. எழுத்துகளைச் சிறிதாக்கினோம். எந்த ஊரையும் விடவில்லை.