மாமாவின் வானுக்குப் பெயின்ற் அடித்த நாள்

தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து மாமாவும் மாமியும் எங்கள் ஊரான நாரந்தனைக்கு வந்தபோது அவர்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு வான் வண்டி மட்டும்தான். மாமா தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி கொண்டுபோய் விற்றவர். வானின் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு தட்டும் போட்டு, யன்னல்களுக்குப் பூப்போட்ட திரையும் தொங்கவிட்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறைகளில் மாமியும் மச்சானும் அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, அவரோடு ஊரூராகப் போவார்கள். மாமாவின் மகனான மச்சானுக்கு என் வயது. அவனுக்குக் கிடைத்த அந்த வாழ்வை நினைத்து நான் பொறாமையில் அழுததுகூட உண்டு.

இந்தமுறை மச்சான் வரவில்லை. கண்டியில் பள்ளிக்கூட விடுதியில், போடிங்கில் நின்று படிக்கிறான் என்று அம்மா சொன்னார். கலவரக்காரர் அவர்களின் வீட்டுக்கு நெருப்பு வைத்தபோது, அவன் பின்னால் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு மாமாவும் மாமியும் வெளியே ஓடியதையும், அவன் வராமலே போனதையும் நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

மாமி எங்கள் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. முற்றத்து வேம்பின் கீழ் நின்ற வானுக்குள்ளேயே இருந்தார். அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும் சாப்பாட்டில் பாதி திரும்பி வரும். வானின் ஒரு பக்கம் தீயில் கருகி, பெயின்ற் கொப்பளித்துக் கிடந்தது. கீழே இறங்கினாலும் மாமி அந்தப் பக்கம் போகமாட்டார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாமா ஒருநாள், "இதை இப்பிடியே விட ஏலாது," என்றார்.

ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் ஒருவரை அழைத்து வந்தார். இருவருமாகக் கருகிய தகரத்தை உரஞ்சினார்கள். கரித்தூள் மாமாவின் முகமெல்லாம் ஒட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. பிறகு வள்ளத்துக்கு அடிக்கும் அதே நீலம், யன்னலுக்குக் கீழே வெள்ளைக் கோடு, அதன் மேல் சிவப்புப் பூக்கொடி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள், கலியாணத்துக்கா என்று கேட்டார்கள்.

கடைசியில் பெயின்ரர் மஞ்சளையும் மெல்லிய தூரிகையையும் எடுத்தார். "முன்னுக்கு என்ன பேர் அண்ணை எழுதிறது? வள்ளமெண்டால் அந்தோனியார், செபஸ்தியார் எண்டு எழுதுவம். வானுக்குக் கனபேர் பிள்ளையளின்ரை பேரைத்தான் போடுகினம்."

மாமா நிலத்தைப் பார்த்தார். நான் மச்சானின் பெயரை உரத்துச் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

வானுக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. "எழுதும். பெரிய எழுத்தா எழுதும்."

மாமி இறங்கி வந்து, எழுதி முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரிலேயே இல்லாதவனுக்கு அவ்வளவு பெரிய எழுத்து. தூரிகை கழுவிக் கொடுத்த எனக்கு ஒன்றுமில்லை. "கீழை என்ரை பேரையும் எழுதச் சொல்லுங்கோ," என்று மாமாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"அடியாதேங்கோ மச்சாள்," என்றார் மாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு எழுத்து ஏன் பிள்ளை? உன்ரை பேரைக் கூப்பிட்டால் நீ வருவாய்தானே."

வெறும் கஞ்சத்தனம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தபோது, வானுக்குள்ளிருந்து மாமி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஓம் மாமி," என்று ஓடிப்போய் நின்றேன். "ஒண்டுமில்லை, போ," என்றார். கிணற்றடிக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார். மறுபடி ஓடினேன்.

"என்ன மாமி?"

"சும்மா."

பொழுதுபடும் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கவில்லை, எதையும் எடுத்து வரச் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல நினைக்கிற வேலை, நான் வந்து சேர்வதற்குள் மாமிக்கு மறந்துபோகிறது என்று நினைத்தேன். அதனால், அவர் மறக்கும் முன் போய்விட வேண்டுமென்று, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாக ஓடினேன்.