ஏழாம் விதிப்படி தோல்வி

கடைசிச் சுற்றில் நினைவிழந்து வீழ்பவருக்கு ஓய்வு நேரம் கிடையாது. அத்துடன் ஆட்டம் முடிந்தது, வீழ்ந்தவர் தோற்றவர். இது ஏழாம் விதி. குத்துச்சண்டை அரங்கில் வெளிநாட்டவருக்கான நாற்காலி ஒவ்வொன்றின் மேலும் வைத்திருந்த ஆங்கிலத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். மற்ற வெளிநாட்டவர்கள் அந்தத் தாளை விசிறியாகப் பயன்படுத்தினார்கள். நான் படித்தேன். சென்னையில் வாழ்நாளெல்லாம் அரசாங்கக் கோப்புகளோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்குக் கையில் கிடைத்த தாளைப் படிக்காமல் இருக்க வராது.

அது 2004 ஜனவரி. சுற்றுலா விசாவில் பர்மாவின் யாங்கோன் நகருக்குப் போயிருந்தேன். பெரியப்பா குடும்பம் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது. பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, காலமாகிவிட்டாள். அவள் மகள், எனக்கு மருமகள் முறை, புறநகரான தாகேதாவில் குடியிருந்தாள். வெளிநாட்டவன் உறவினர் வீட்டில் இரவு தங்கக் கூடாது என்றொரு விதி உண்டு. ஆகவே நகர நடுவே பபேடானில் கீழே பிரியாணிக் கடையும் மேலே பல்லிகளுமாக இருந்த ஒரு விடுதியில் அறை எடுத்தேன். பகலில் மருமகள் வீட்டில் சாப்பாடு, பொழுது சாய்ந்ததும் பஸ்.

மருமகளின் கணவர் குத்துச்சண்டைக்காரர். அவர் தாத்தா நம் பக்கத்திலிருந்து அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலேறியவர். பேரன் தாமுவே சந்தையில் வெங்காய மூட்டை இறக்கினார். மூன்று தலைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம், ஓய்வு நாட்களில் மேடையேறி அடியும் வாங்கினார் என்பதுதான். வயது முப்பத்தாறு.

தாய்லாந்துக் குத்துச்சண்டை பார்த்தவர்கள் இதையும் அதன் தம்பி என்று நினைப்பார்கள். அங்கே கையுறை உண்டு. பர்மியர்களின் லெத்வேயில் கையில் வெறும் துணிக்கட்டுதான். முழங்கை, முழங்கால் போதாதென்று தலையாலும் முட்டலாம். மொத்தம் ஐந்து சுற்று. புள்ளிக் கணக்கு கிடையாது. ஒருவர் விழுந்து எழாவிட்டால் மற்றவர் வென்றார். கடைசி மணி அடிக்கையில் இருவரும் நின்றுகொண்டிருந்தால் சமன். யார் நன்றாக ஆடினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் இலாகாவில் பதவி உயர்வு கொடுத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். நினைவிழந்தவரை எழுப்ப அவர் பக்கத்து ஆட்களுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் தருவார்கள். கடைசிச் சுற்றில் மட்டும் தரமாட்டார்கள்.

நான் பார்க்கப் போன அன்று எதிராளி ஓர் இளைஞன். அதுவரை யாரிடமும் தோற்காதவன். எங்கள் மாப்பிள்ளை நான்கு சுற்று தாக்குப்பிடித்ததே அரங்கத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு மொழிபெயர்க்க வந்தவள் என்று சொல்லி மருமகள் வெளிநாட்டவர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் மொழிபெயர்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவேயில்லை.

ஐந்தாம் சுற்றில் அந்த இளைஞன் தலையால் முட்டினான். மாப்பிள்ளை குப்புற விழுந்தார். விழும்போது கையை ஊன்றக்கூட இல்லை. நடுவர் ஆட்டத்தை முடித்திருக்க வேண்டும். எங்கள் வரிசையில் பாதிப்பேர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓய்வு நேரத்துக்குக் கை காட்டினார். விருந்தினருக்காகவா, மறதியாலா என்பது இன்றுவரை தெரியாது.

பயிற்சியாளர் மேடைக்குள் பாய்ந்தார். ஆசிரியரை அங்கே ஸயா என்பார்கள், இவரையும் அப்படித்தான். மாப்பிள்ளையைப் புரட்டிப்போட்டுத் தண்ணீரை ஊற்றினார். பிறகு குனிந்து காதைக் கடித்தார்.

“காதைக் கடிச்சா முழிச்சுக்குவாரு மாமா. ஸயாவுக்குத் தெரியும்” என்றாள் மருமகள்.

“இது கடைசிச் சுற்று. விதிப்படி செல்லாது.”

“யார்கிட்ட சொல்றீங்க?”

யாரிடமும் இல்லை என்பதுதான் உண்மை. மாப்பிள்ளை எழுந்தார். மிச்ச நேரம் முழுதும் அடி வாங்கினார், கயிற்றில் சாய்ந்தார், ஆனால் விழவில்லை. மணி அடித்தது. சமன். அரங்கமே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

அந்த வாரக் கடைசியில் தாகேதாவில் சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை குழம்பைக் கரண்டியில் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் பாயில் ஊற்றினார்.

“பாருங்க மாமா, பாய்க்கும் பசிக்குதாம்” என்றாள் மருமகள். சிரித்துக்கொண்டே சொன்னவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் அவர் இடது கண்ணைப் பார்த்துவிட்டு, உள்ளே விழித்திரை பிரிந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் அறுவை செய்தால் பார்வை தப்பும் என்றார். கண் ஆஸ்பத்திரியிலோ வரிசை மாதக்கணக்கில் நீண்டிருந்தது. போட்டி நடத்திய கமிட்டி கடிதம் கொடுத்தால் மட்டும் அந்த வாரமே பார்ப்பார்கள்.

கமிட்டி அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மிக மரியாதையானவர். எங்களுக்குப் பால் டீ வரவழைத்தார். மருமகள் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொன்னாள்.

“கடிதம் தோற்றவருக்குத்தான் தருவது. உங்கள் மாப்பிள்ளை தோற்கவில்லையே?”

“கண் போய்க்கொண்டிருக்கிறது.”

“சமன் என்றால் இருவரும் நலமாக நின்றார்கள் என்று அர்த்தம். நலமாக இருப்பவரை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது?” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “தோற்றிருந்தால் இப்போதே எழுதித் தந்திருப்பேன்.”

“ஏழாம் விதிப்படி அவர் தோற்றவர்தான்.”

எழுத்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைத் தன் இனமாக அப்போதுதான் அடையாளம் கண்டார். முடிவை மாற்ற மனுக் கொடுக்கலாம், நுழைவுச்சீட்டு வைத்திருந்த பார்வையாளர் எவரும் கொடுக்கலாம், சீட்டை இணைக்க வேண்டும், கமிட்டி கூடிப் பரிசீலிக்கும் என்றார். எப்போது கூடும் என்று கேட்டேன். தலைவர் வெளியூரில் இருக்கிறார் என்றார். இவ்வளவு தூரம் கடல் தாண்டிவந்து சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் மாப்பிள்ளை தலையை இடப்பக்கம் திருப்பி, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

“மாமா, பெல் அடிச்சப்போ நான் நின்னேனா இல்லியா?”

“நின்னீங்க மாப்பிள்ளை. ஆனா அதுக்கு முன்னாடியே ஆட்டம் முடிஞ்சிருக்கணும்.”

“அந்தப் பையன்கிட்ட இதுவரைக்கும் யாருமே நின்னதில்ல. சந்தையில என்னைப் பார்த்துக் கடைக்காரங்க எந்திரிக்கிறாங்க. பதினெட்டு வயசுல மேடையேறினேன், இப்பத்தான் எந்திரிக்கிறாங்க. நான் தோத்தேன்னு எழுதப்போறீங்களா?”

“கண்ணுக்காக.”

“கண்ணு ரெண்டு இருக்கு. இந்த மாதிரி சண்டை ஒண்ணுதான்.”

“அப்போ இன்னொரு கண்ணையும் ஸயாகிட்ட குடுத்துட்டு வாங்க. பத்திரமா வச்சுக்குவாரு, காதையே கடிக்கிற ஆளு” என்றாள் மருமகள் அடுப்படியிலிருந்து. பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, “நீங்க எழுதுங்க மாமா. நீங்க சீட்டு வாங்கினவர்தானே. இவரைக் கேக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லியே?” என்றாள்.

இல்லை. அதையும் படித்திருந்தேன்.

மனுவை ஆங்கிலத்தில் நானும் பர்மிய மொழியில் அவளும் எழுதினோம். பத்தி பத்தியாக, எண் போட்டு, விதியை மேற்கோள் காட்டி, மேடையில் நடந்ததைச் சுருக்கி எழுதினேன். குறை சொல்ல முடியாத மனு. நான் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று என்னிடம் வந்திருந்தால் மேல்நடவடிக்கைக்கு என்று குறித்து ஆறு மாதம் வைத்திருப்பேன். என் நுழைவுச்சீட்டைக் குண்டூசியால் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கினேன். விசா முடிந்தது. சென்னைக்குத் திரும்பினேன்.

மார்ச்சில் முதல் நினைவூட்டல் அனுப்பினேன். ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா, அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால் மே மாதம் இரண்டாவது. ஜூனில், தெருமுனைக் கடைத் தொலைபேசியில் மருமகள் பேசினாள். கண் ஆஸ்பத்திரியின் பொது வரிசையில் மாப்பிள்ளையின் முறை வந்துவிட்டதாம்.

“டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தார் மாமா. ரொம்ப லேட்டுன்னுட்டார். இனிமே அந்தப் பக்கம் வெளிச்சம்கூடத் தெரியாதாம்.”

“மாப்பிள்ளை என்ன சொன்னார்?”

“டாக்டர்கிட்ட அந்தச் சண்டையைச் சொல்லிக்கிட்டிருந்தார். நர்ஸ் எல்லாம் வந்து கேட்டாங்க. மூட்டை இறக்கறப்போ பலகையில கால் தவறுதுன்னு இப்ப காவலுக்கு உக்கார வச்சுட்டாங்க. டீக்கடையில தினமும் அதையேதான் சொல்றார். அதைச் சொல்றப்போ மட்டும் பழைய மாதிரி இருக்கார் மாமா. அந்த மனு இனிமே வேணாம்.”

திரும்பப் பெறுவதற்கும் வழிமுறை உண்டு. மனுதாரர் கையெழுத்துடன், மூல ரசீதின் நகலை இணைத்து அனுப்ப வேண்டும். மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வராதவை எல்லாம் நல்லபடியாக முடிந்தவை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் இலாகாவில் இருந்தது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பிறகு கமிட்டியின் உறை வந்தது. தங்கள் மனு முழுமையாக ஏற்கப்பட்டது. ஏழாம் விதி மீறப்பட்டதற்குக் கமிட்டி வருந்துகிறது. மேற்படியார் ஐந்தாம் சுற்றில் தோற்றவராக அறிவிக்கப்படுகிறார். திருத்திய முடிவு அரங்க அறிவிப்புப் பலகையிலும் தாமுவே சந்தை வாசலிலும் ஒட்டப்பட்டுள்ளது. தோற்றவருக்கு உரிய ஆஸ்பத்திரிக் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நகல்: மேற்படியார், தாகேதா.

பழக்க தோஷம், உறையின் மூலையில் வரவுத் தேதியைக் குறித்தேன். 2004 நவம்பர் 23.