ஆபீஸ் சொன்னாங்க

அவள் கணவர் டாக்ஸி கம்பெனியை விட்டு வெளியேறியது ஒரு புதன்கிழமை. அன்று பல் டாக்டருக்கே பல்வலி. அதனால் கிளினிக்குக்கு விடுமுறை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, கணவர் தன் வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் அழிந்த பிறகும் பசை போகவில்லை.

"பசைய மட்டும் நல்லதா வாங்கியிருக்கான்," என்றார் அவர்.

யாரோ ஒரு பயணி பொய்ப் புகார் கொடுத்திருந்தார். உடனே கம்பெனியின் ஆப் கணவரைப் பூட்டிவிட்டது. என்ன புகார், யார் கொடுத்தது என்று கேட்டு அவர் தட்டிய இடத்திலெல்லாம் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றே வந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு மனிதன் அகப்படவில்லை. அவரைப் போலவே வெறுத்துப்போயிருந்த இன்னும் சில டிரைவர்கள் டயர் கடையில் கூடினார்கள். பொதுவாக ஒரு போன், ஒரே ஒரு நம்பர். கூப்பிட்டால் கார் வரும். மழை பெய்தால் ரேட் ஏறாது. சவாரிகளை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். போனை எடுக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. டயர் கடைக்காரரின் தங்கை சும்மாதான் இருந்தாள். கடைக்கு மேலே இருந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அறையில் ஒரு கம்பி. கம்பியில் துணிக்கு மாட்டும் கிளிப்புகள், டிரைவருக்கு ஒரு நிறம். சவாரி போனவரின் கிளிப் வரிசையின் கடைசிக்குப் போகும். ஏற்பாடு அவ்வளவுதான். டிரைவர்கள் அந்தப் பெண்ணுக்கு 'ஆபீஸ்' என்று பேர் வைத்தார்கள்.

"ஆபீஸ்ல இன்னைக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே கணவர் செருப்பைக் கழற்றுவார். சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார். அவளுக்கு அவரைக் கட்டிக்கொண்ட நாளாய்த் தெரியும். வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைகிற ஆள் இல்லை.

அவளுக்குப் பொறாமை என்பது சளி பிடிக்கிற மாதிரி. சட்டென்று வரும், போக நாளாகும். சின்ன வயதில் அக்காவின் கூந்தல் மேல் வந்தது. பிறகு பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டி மேல் வந்தது. டாக்டரின் மனைவி மேலும் ஒருமுறை வந்தது, அவருக்கு முழங்கால் வலியே கிடையாது என்பதற்காக. அவற்றோடெல்லாம் எப்படியோ குடித்தனம் நடத்திவிட்டாள். இது வேறு. கணவர் காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்த அன்று அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"எதுக்கு பாட்டில்?"

"தண்ணி நிறைய குடிக்கணுமாம். ஆபீஸ் சொன்னாங்க."

"நான் எத்தன வருஷமா சொல்றேன்?"

"நீயும் சொன்னே, இல்லன்னு சொல்லல," என்று அவர் மூடியைத் திறந்தார்.

மறுநாள் கடைவாய்ப்பல் பிடுங்கிய ஒரு பெரியவர் வாய் நிறையப் பஞ்சோடு மேசைக்கு முன்னால் நின்று, கார் பிடித்துத் தரும்படி சைகை காட்டினார். அவள் அந்த நம்பரை அழுத்தினாள். குரலைக் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவள்தானே.

தேன் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது லேசாகக் கரகரத்த குரல். இப்போதுதான் சிரித்து முடித்த மாதிரி.

"சொல்லுங்க, எங்க இருக்கீங்க?"

"பல் கிளினிக்கு. வெள்ளை வண்டிக்காரர் வருவாரா?"

"அவருதான் வேணுமா?"

"நல்லா ஓட்டுவாருன்னாங்க."

"ஆமாங்க. பள்ளம் வந்தா தூக்கத்துல இருக்கிற குழந்தைகூட எழுந்துக்காது."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. இவளுக்கு எப்படித் தெரியும்? இவள் எப்போது அந்த வண்டியில் தூங்கினாள்?

அன்று ஒரு யோசனை தோன்றியது. வண்டியில் ஆள் இருந்தால் அவர் போனில் வெட்டிப் பேச்சு பேச முடியாது. ஆகவே வண்டி காலியாகவே இருக்கக் கூடாது. அன்று முதல் பல்லைக் காட்ட வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அந்த நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். "கம்பெனி வண்டி எதுக்குங்க? இதுல கூப்பிடுங்க. வெள்ளை வண்டின்னு கேட்டு வாங்குங்க. வேற யாரும் வேணாம்னு சொல்லிடுங்க." பஞ்சு வைத்த வாய்களெல்லாம் தலையாட்டின. பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, ரயிலுக்கு என்று அவர்கள் வீட்டிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை வண்டி.

கணவர் பூரித்துப்போனார். "நம்ம ராசிய பாரு. பேர் சொல்லிக் கேக்குறாங்க."

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒவ்வொரு சவாரியையும் சொல்ல அந்தக் குரல் அவரைக் கூப்பிட்டாக வேண்டியிருந்தது. முன்பு ஐந்தாறு முறை அடித்த போன் இப்போது ஓயாமல் அடித்தது. சாப்பிடும்போது அடித்தது. அவர் முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து, "எடுத்துக் கேளேன், ஆபீஸா இருக்கும்," என்றார். அவள் எடுக்கவில்லை. தன் கையாலேயே கொள்ளியைப் பற்றவைத்துவிட்டு, புகை வருகிறதே என்று ஜன்னலைத் தேடினாள்.

ஒருநாள் இன்னொரு டிரைவரின் மனைவி வீங்கிய கன்னத்தோடு கிளினிக்குக்கு வந்தாள். வலியிலும் பேச்சு நிற்கவில்லை.

"உங்களுக்கென்னக்கா, ராணி மாதிரி இருக்கீங்க. எங்காளு காலைல இருந்து டயர் கடைல ஈ ஓட்டுறாரு."

"ஏன், முறைதானே?"

"முறையாவது ஒண்ணாவது. அந்த ஆபீஸ்காரி உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் சவாரி போடுறாளாம். ஏன்னு நீங்கதான் கேட்டுப் பாக்கணும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஏன் என்று இந்த ஊரில் ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். அப்படியிருந்தும் 'உங்க வீட்டுக்காரருக்கு மட்டும்' என்ற சொல் அன்று முழுக்கக் காதில் சுற்றியது. தான் அட்டை கொடுத்ததை அவள் மறக்கவில்லை. ஆனால் அட்டை கொடுக்காவிட்டாலும் அந்தக் குரல் அவரைத்தான் கூப்பிட்டிருக்கும் என்று ஒரு மனம் வாதாடியது.

அந்த வாரக் கடைசியில் டயர் கடையில் பெரிய சண்டை. யாரோ ஆபீஸையும் கணவரையும் சேர்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து, போனை ஒரு டயரின் மேல் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் திரும்ப ஏறிப் போனாளாம். மறுநாளே இரண்டு பேர் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்கள்.

கணவர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாம் போச்சு. போன் எடுக்க ஆளில்ல. நானும் போய்ச் சேர வேண்டியதுதான்."

"எங்க?"

"அவன்கிட்டதான்."

ஆப்பை மறுபடி இறக்கினார். புதிதாகச் சேர அது முகத்தைக் காட்டச் சொன்னது. போனை எதிரே பிடித்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். வலப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். வெளிச்சம் போதவில்லை, மீண்டும் முயலவும் என்றது. எழுந்து போய் விளக்கின் கீழே நின்றுகொண்டு மறுபடி இடம், வலம்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. யார் யார் மேலோ பொறாமைப்பட்டிருக்கிறாள். இந்த மாதிரி தலையாட்ட வைக்கிற ஒன்றிடம் இவரைத் தூக்கிக் கொடுக்கவா அவ்வளவும்?

"வைங்க அத," என்றாள். "வெள்ளை வண்டின்னு கேக்கச் சொன்னது நான்தான். கிளினிக்குக்கு வந்த எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவர் போனை இறக்கினார். "எதுக்கு?"

"எதுக்குன்னா? நீங்க பேசிட்டே இருக்கீங்க அவகிட்ட."

அவர் கார்ச் சாவியை எடுத்தார். பிறகு, "செருப்ப மாட்டு," என்றார்.

டயர் கடைக்கு மேலே கதவு திறந்திருந்தது. ஆபீஸ் ஒரு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அழகாக இருக்க மாட்டாள் என்று மாடிப்படி ஏறும்போது அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். பயந்ததைவிட அழகாக இருந்தாள். அழுத கண்ணுக்குக்கூட அது பொருந்தியிருந்தது.

"கிளினிக்குதானே நீங்க?" என்றாள் ஆபீஸ். "ஒரு தடவ வண்டி கேட்டீங்க. 'பல் கிளினிக்ல சொன்னாங்க'ன்னு ஊரே சொல்லுதே, எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"புருஷனுக்கு ரெண்டு சவாரி கூடக் கிடைக்கட்டும்னு நினைச்சிருப்பீங்க. அதப் போய் எப்படி எல்லார் முன்னாடியும் சொல்றது."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர், "ஆமாங்க, இவளுக்குக் கொஞ்சம் ஆசை ஜாஸ்தி," என்று முந்திக்கொண்டார். ஒரு பொய்யை அவர் இவ்வளவு அழகாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் அதை இவள் முன்னால் சொல்ல நேர்ந்ததே என்றும் இருந்தது.

"நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடறேன். நீங்க இருங்க," என்றாள்.

"சொல்லுங்க. ஆனா என் அண்ணன் கடைல அந்தப் பேச்சு பேசியாச்சு. இனிமே கீழ எறங்கினா எல்லார் மூஞ்சிலயும் அதுதான் எனக்குத் தெரியும். வெளியூர்ல ஒரு வேல சொல்லியிருக்காங்க." ஆபீஸ் கம்பியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்க எடுங்க போனை. யாரு எங்க இருக்காங்கன்னு கண்ணுல எண்ணெய் ஊத்திட்டுப் பாப்பீங்க. அதுதான் இந்த வேலைக்கு வேணும்."

டிரைவர்களிடம் சொன்னபோது ஒருவர் சிரித்தார், ஒருவர் காறித் துப்பினார், சித்தப்பா என்று எல்லோரும் கூப்பிடுகிற மூத்தவர், "நம்ம வாயும் சும்மா இருக்கல," என்றார். கம்பி கிளினிக் மேசைக்குப் பின்னால் ஏறியது. நோயாளிகள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். கம்பெனிக்குப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் வரவே இல்லை. பேர் சொல்லி வண்டி கேட்டால் அவள் கொடுப்பதில்லை. "முறை யாருக்கோ அவங்கதான் வருவாங்க" என்று கறாராகச் சொன்னாள். கணவருக்குச் சவாரி குறைந்தது. "பழைய ஆபீஸ் பரவாயில்ல," என்று அவர் ஒருமுறை முணுமுணுத்தார். அன்று அவருக்குக் காப்பி ஆறித்தான் கிடைத்தது.

"முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்களே, நல்லா பேசுவாங்களே?" என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் வெகுநாள் இருந்தார்கள். பிறகு அவர்களும் கேட்பதை விட்டார்கள். மருந்துக்கடை, இரண்டு பள்ளிக்கூடங்கள், முடிவெட்டும் கடை எல்லாம் அந்த நம்பரையே சுவரில் எழுதிவைத்தன. கம்பியில் புது நிறங்கள் சேர்ந்தன.

சில வருஷங்கள் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் அந்த போனுக்கு ஒரு செய்தி வந்தது.

'அண்ணனைப் பாக்க வந்திருக்கேன். ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். ஒரு வண்டி வேணும். முறை யாருக்கோ அவங்களையே அனுப்புங்க. பழைய ஆபீஸ்.'

அவள் நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். வரிசையில் முதலில் வெள்ளைக் கிளிப். அடுத்தது சித்தப்பாவின் பச்சை. விடுமுறை நாள், கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. கை வெள்ளைக் கிளிப் வரைக்கும் போனது, அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு கணவருக்குப் போன் போட்டு ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாள். யாரை ஏற்ற என்று அவர் கேட்டார்; போனால் தெரியும் என்றாள். கிளிப்பை வரிசையின் கடைசிக்கு மாற்றிவிட்டுப் பதில் தட்டினாள்.

'வெள்ளை வண்டி வரும். பின் சீட்ல உக்காருங்க.'