ரம்லாவுக்கு ஒரு வாய் சோறு

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் வேறு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மகள் நுஹாவுக்கு ரம்லா என்றொரு கூட்டாளி இருந்தாள். கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி, நுஹாவே உண்டாக்கியது. ரம்லாவுக்காக நுஹா மூக்கால் கதைப்பாள், என்னை மாமி என்பாள், சாப்பிட உட்கார்ந்தால் ரம்லாவுக்கும் ஒரு சின்னப் பீங்கானில் சோறு வைக்கவேண்டும். பிறகு கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் ஒரு கரடிப் பொம்மை அனுப்பினார். அது கேள்வி கேட்கும், கதை சொல்லும், எல்லாம் இங்கிலிஷில். பிள்ளையும் இங்கிலிஷில் நிறங்களின் பெயரைச் சொல்லத் தொடங்க, எங்கள் ஊர் கல்முனைக்குடி முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். ஆனால் நாள் போகப் போக நுஹா தானாக எதுவும் கதைப்பதில்லை. கரடி கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ரம்லா எங்க மகள்?" என்று கேட்டேன்.

"அவ இப்ப வாறல்ல உம்மா. கரடி நிப்பாட்டாமக் கதைக்குது, அவக்குக் கதைக்க இடமில்ல."

அடுத்த நாள் பின்னேரம் அவள் குர்ஆன் ஓதப் போன நேரத்தில் கரடியின் முதுகைத் திறந்து பெட்டறிகளைக் கழற்றினேன். கரடியைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினால், நம்பினால் நம்புங்கள், நுஹா ரம்லாவுக்காகக் கதைக்கிற அதே மூக்குக் குரல் எனக்குப் பின்னால் கேட்டது.

"மாமி, எனக்குச் சோறு வெக்கல்லயா?"

வீட்டில் வேறு ஈ காக்கை இல்லை. எத்தனை வருஷமாகப் பயம் வந்தால் ஓதுகிற ஆயத்துல் குர்ஸி பாதியில் மறந்துபோனது. ஓடியிருக்க வேண்டும், ஆனால் அந்தக் குரலில் அவ்வளவு பசி இருந்தது. பேய்க்குப் பயப்படலாம், பசித்த பிள்ளைக்கு எப்படிப் பயப்படுவது? குசினிக்குப் போய் மத்தியானச் சோற்றில் கொஞ்சம் போட்டு, மீன் கறி ஊற்றி, கரடிக்கு முன்னால் வைத்தேன். "கோவிச்சிக்காத மகள்" என்றும் சொன்னேன். சோறு ஒரு பருக்கைகூடக் குறையவில்லை, அதை நன்றாகவே பார்த்தேன். நுஹா வருமுன் அதைக் கோழிகளுக்குக் கொட்டிப் பீங்கானைக் கழுவி வைத்துவிட்டேன்.

வந்தவள் பெட்டறியைக் கேட்கவே இல்லை. கரடியின் காதோடு வெகுநேரம் குசுகுசுத்தாள், இடையிடையே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது, எனக்கு அழுகையே வந்தது. பிறகு குசினி வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, ரம்லாக்கு உங்களோட கோவமில்லயாம். ஆனா மீன் கறி உறைப்பாம்."

அன்றிலிருந்து கறிக்கு மிளகாய்த்தூள் குறைத்துத்தான் போடுகிறேன். லீவில் வந்த கணவர் ஏன் என்று கேட்டார். நுஹாவுக்காக என்றேன். நுஹா பச்சை மிளகாயைக் கடித்துத் தின்கிற பிள்ளை.