வெர்லினின் முந்நூறு மேக்னம்

உப்புக் குப்பிதான் துப்பாக்கி. கெட்சப் பாட்டில்தான் எல்க் மான். இரண்டுக்கும் நடுவே வெண்ணெய்க் கத்தியைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார் வெர்லின் ஸ்ட்ரவுட். குண்டு போகிற பாதையாம் அது. தட்டில் பான்கேக் ஆறி அவலாகிக் கிடக்கிறது.

"ஐந்நூறு கஜத்துல என்னோட முந்நூறு மேக்னம் குண்டு மூணடிதான் கீழ இறங்கும். ஆறரை கிரீட்மோர் நாலடி இறங்கிடும். எதை நம்பி நீ மலையேறுவே, சொல்லு."

எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆட்டுப் பண்ணைக்காரர் ஓரின். எல்க்கைத் தூக்கிக் கவிழ்த்து, தன் உருளைக்கிழங்கின்மேல் இரண்டு குலுக்குக் குலுக்கிக்கொள்கிறார். பிறகு நிதானமாக, "நான் நூறு கஜத்துக்குக் கிட்டப் போயிடுவேம்ப்பா. கால் எதுக்கு இருக்கு?" என்கிறார். பிட்டர் ஃபோர்க் ஊரின் ஒரே உணவகத்தில் காலை வேளை இப்படித்தான் கழியும்.

வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் மண் சாலைகளைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறார் வெர்லின். ஆள் ஆறடிக்கு மேல். தொப்பியில் துப்பாக்கி எண்ணெய் வாசனை நிரந்தரம். துக்கத்துக்குப் போனாலும் தேவாலய வாசலில் யாரையாவது ஓரங்கட்டி, எந்தத் தோட்டா நொடிக்கு எத்தனை அடி பறக்கும் என்று ஆரம்பித்துவிடுவார். வேகம்தான் அவருக்கு எல்லாம். மெதுவாகப் போகிற தோட்டாக்கள்மேல் அப்படி என்ன கோபமோ! தோளை அதிகம் உதைக்காத கிரீட்மோர் ரகத் துப்பாக்கிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பால் புட்டி'.

அந்தப் பால் புட்டியைத்தான் அவர் மனைவி நடீன் வைத்திருக்கிறார். தபால் நிலையத்தில் வேலை. வருடா வருடம் இரண்டு நாள் லீவு போட்டு, மலைக்குப் போய், ஒரே தோட்டாவில் ஒரு பெண் எல்க்கை வீழ்த்தி ஃப்ரீசரை நிரப்பிவிடுவார். அந்தக் கறியை மென்றுகொண்டேதான் வெர்லின், கிரீட்மோருக்கு எல்க் விழாது என்று விளக்குவார். நடீன் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

இந்த வருடம் வெர்லினுக்குக் குலுக்கலில் வேட்டை அனுமதி விழுந்தது. பீடபூமியின் பெரிய கொம்பு ஆண் எல்க்குக்கான அனுமதி. பாதி ஆயுளாக விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். செய்தி வந்தபோது வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு நடீனுக்குப் போன் போட்டார். அவர் வயதுக்கு இன்னொரு முறை வராது. அது இருவருக்கும் தெரியும்.

ஆனால் வசந்தத்தில் அவருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆறிவிட்டது என்று தோளைச் சுழற்றிக் காட்டுவார், சுழற்றும்போது பல்லைக் கடிப்பார். கோடை முழுக்க ஊருக்கு வெளியே சரளைக் குழியில் காகிதத் தட்டை நட்டுச் சுட்டுப் பழகினார். ஓட்டைகள் நாலா பக்கமும் சிதறின. முதலில் துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகாணிமேல் பழி. அப்புறம் காற்று. அப்புறம் வெடிமருந்து. தோட்டாவை மாற்றினார், மறுபடி மாற்றினார், கடைசியில் அதைவிட வேகமான துப்பாக்கி ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டினார். ஓரினிடம் கெட்சப் பாட்டிலை வைத்து அதையும் நிரூபித்துவிட்டார்.

நடீனின் கவலை வேறு. மான் கிடைக்காமல் போவது பெரிதல்ல. அடிபட்ட எல்க் ஒன்றைத் தேடாமல் விட்டுவந்த ஆளோடு வெர்லின் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட மனிதரே ஒரு மானின் காலை உடைத்து, அது மலைமேல் எங்கேயோ கிடந்து துடித்துச் சாகும்படி ஆனால், அவர் அதிலிருந்து எழுந்திருக்கமாட்டார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரளைக் குழியில், அவர் மேக்னத்தை எடுத்ததும் நடீன் கையை நீட்டினார்.

"குடு, நான் போட்டுத் தர்றேன். நீ அந்தப் பக்கம் பாரு."

அந்த ஊரில் இதற்கு அர்த்தம் தெரியாதவர் கிடையாது. புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்குச் செய்கிற சோதனை அது. துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறதா, காலியா என்று சுடுகிறவருக்குத் தெரியக்கூடாது.

"நான் என்ன பச்சைப் புள்ளையா?"

"இல்லையில்ல? அப்புறம் என்ன, திரும்பு."

திரும்பினார். முதல் முறை வெடித்தது. தட்டின் ஓரம் கிழிந்தது. இரண்டாம் முறை விசையை அழுத்தியபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். ஆனால் துப்பாக்கியின் முனை சடாரென்று தரையைப் பார்த்துக் குத்தியது. தோள் பின்வாங்கி, கண் இறுக மூடியிருந்தது. வராத உதைக்கு அந்த ஆறடி உடம்பு அப்படிப் பயந்திருந்தது, பாவம்.

வெர்லின் காதுக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஜூலைலேர்ந்து."

"சொல்ல வேண்டியதுதானே."

"நீ தோட்டாவைப் பத்தியே பேசிட்டிருந்தே. நடுவுல பூந்து சொல்ல எடமே கிடைக்கல."

அவர் சிரிக்கவில்லை. "இதை எடுத்துட்டு மலைக்குப் போனா எதையாவது நொண்டியாக்கிட்டுத்தான் வருவேன் நடீன்" என்றார்.

மேக்னத்தை உறையில் போட்டு மூடினார். வண்டியிலிருந்து நடீனின் துப்பாக்கியை அவரே போய் எடுத்து வந்தார். தோளில் அணைக்கும் கட்டை அவருக்குக் குட்டை. கழுத்தை உள்ளே இழுத்து, முழங்கையை மடக்கி, சுடும் மேசையில் ஒருவழியாகத் தன்னைப் பொருத்திக்கொண்டார். பால் புட்டி என்ற வார்த்தை அன்றைக்கு எங்கே போயிற்றோ, வாயில் வரவில்லை.

"போட்டுக் குடு. நான் பாக்கமாட்டேன்."

காலியாகக் கொடுத்தார் நடீன். முனை நடுங்கியது. தோட்டா போட்டுக் கொடுத்தார். உதை மெதுவாகத்தான் வந்தது, அதை நம்ப அவர் தோளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலி, தோட்டா, தோட்டா, காலி என்று மாறி மாறிப் போயிற்று. வெயில் குழியின் எதிர்ச் சரிவுக்கு ஏறிவிட்டது.

நடீன் மறுபடியும் ஒன்றும் போடாமல் துப்பாக்கியின் தாழை மூடிக் கொடுத்தார். வெர்லின் மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினார்.

டிக்.

முனை அசையவில்லை.

கட்டையில் பதித்த கன்னத்தை அவர் எடுக்கவே இல்லை. கண் இன்னும் தொலைநோக்கியில்தான் இருந்தது. இடது கை மட்டும் பின்னால் துழாவிக்கொண்டு வந்து, நடீனின் ஜாக்கெட் நுனியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.