பால் காய்ச்சும் முன் குடியேறிய வீடு

தில்லியில் நான் சம்பளம் வாங்கிய ஆபீசில் என் வேலை, மேஜை மேஜையாகத் தண்ணீர் வைப்பது. என் வீட்டுக்காரர் அங்கே பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கொடுத்த வேலை. கைநாட்டு வைத்து நான் சம்பளம் வாங்கியதில்லை. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் தமிழில் என் பெயரை எழுதித்தான் வாங்குவேன். அதைத் தாண்டி எழுதப் பெரிதாக வராது. அது வேறு விஷயம்.

முனிர்காவில் ஒற்றை அறையில் நானும் மகனும் மருமகளும் இருந்தோம். வாடகை நான்தான் கொடுப்பேன். என் சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒரு தொகை வரும். அதோடு கொஞ்சம் சேர்த்தால் வாடகை ஆகிவிடும். மகனும் சர்க்கார் குமாஸ்தாதான். ஆனாலும் அவன் வீட்டில் நான் சும்மா சாப்பிடுகிறேன் என்று ஒருத்தர் சொல்ல நான் இடம் வைத்ததில்லை.

அப்போது அவனுக்கு மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கிடைத்தது ஆடி மாதத்தில். உடனே சாவி வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான். சாமான் போகட்டும், குடித்தனம் அப்புறம் என்றேன் நான். அங்கேதான் சமைத்தோம், அங்கேதான் படுத்தோம். ஆனால் பால் காய்ச்சவில்லை. ஆவணியில் பேத்தி பிறந்தாள், தீட்டு. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். வாடகைக்கென்று கொடுத்ததை இப்போது வீட்டுச் செலவுக்கென்று மகன் கையில் கொடுத்துவந்தேன்.

ஆபீசில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் மிட்டாய் கேட்பார்கள். பால் காய்ச்சிய மறுநாள் லட்டு வாங்கிப்போய் எல்லா மேஜையிலும் வைத்தேன். சம்பள பில் போடும் பாபு இரண்டு எடுத்துக்கொண்டார். எப்போதிலிருந்து அந்த வீடு என்று கேட்டார். சாவி ஆடியில், பால் நேற்று என்றேன். ஆடி என்றால் எந்த மாதம் என்றார். பக்கத்தில் இருந்த தமிழ் டைப்பிஸ்ட் பெண் ஜூலை என்று சொன்னாள்.

அடுத்த சம்பளத்தில் கவர் மெலிந்திருந்தது. பி.எஃப். பிடிப்பார்கள், தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸில் மாதாமாதம் கொஞ்சம் பிடிப்பார்கள். அந்த இரண்டும் எனக்குத் தெரியும். இது அதையும் மீறி இருந்தது. பாபுவிடம் போய் நின்றேன். மகனுக்குக் கொடுத்த சர்க்கார் வீட்டில் தாய் இருந்தால் தாய்க்கு வாடகைப் படி கிடையாதாம். ஜூலையிலிருந்து கொடுத்தது தப்பாம், அதையும் சேர்த்துத் திரும்பப் பிடிக்கிறாராம்.

ஐப்பசி வரை அது நாங்கள் குடியேறிய வீடே இல்லை என்றேன். டைப்பிஸ்ட் அதை ஹிந்தியில் எடுத்துச் சொன்னாள். பாபு சிரிக்கவில்லை.

"சர்க்காருக்குப் பால் தெரியாது அம்மாஜி, சாவிதான் தெரியும்" என்றார்.

மகன் சம்பளத்திலும் வாடகைப் படி போயிற்று. குவார்ட்டர்ஸுக்கென்று வேறு பிடித்தார்கள். இப்போது என்னிடமும். ஒரே வீட்டுக்கு மூன்று வெட்டு, இது என்ன கணக்கு என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். நானும் படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன்.

டைப்பிஸ்ட் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம் வந்தாள். "வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். இதுல லட்டு வேற" என்றாள். வேறு இடத்தில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்து, ஒரு வாடகை ரசீதும் காட்டினால் படி திரும்ப வரும் என்றும் சொன்னாள்.

அதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். மகன் ஒரு நிமிஷம் யோசித்தான்.

"எழுதிக் குடுத்துடேம்மா, எங்ககூட இல்லன்னு. காகிதத்துலதானே."

"அப்ப நான் எங்கடா இருக்கேன்?"

"முனிர்கான்னு போட்டுக்கலாம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் மட்டும் எவ்வளவு ஆகிறது என்று எனக்கும் தெரியும். அடுக்களையில் மருமகள் குழாயை மூடிவிட்டு நின்றாள். மறுநாள் அவனே ஹிந்தியில் எழுதிக் கொண்டுவந்தான். அடியில் என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். பேனாவையும் கொடுத்தான். எனக்கு நன்றாக எழுத வருவது அந்த ஒன்றுதான். அன்று வரவில்லை. மகன் வீட்டில் நான் இல்லை என்று என் பெயரை எப்படிப் போடுவது.

அந்தக் காகிதம் பொங்கல் வரை கடிகாரத்தின் பின்னால் செருகியே இருந்தது. அவன் மறுபடி கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிடித்தம் தன் பாட்டுக்கு நடந்தது.

என் பங்கு என்று தனியாக எடுத்துக் கொடுக்கச் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. பொங்கல் மாதம் சம்பளக் கவரைப் பிரிக்காமலே மகன் கையில் கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்த்தான். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து என்னிடம் நீட்டினான்.

"பஸ்ஸுக்கு வெச்சுக்கோம்மா."

வாங்கிக்கொண்டேன்.