கூரைக்கு அள்ளிய மணல்

புயல் வருகிறதென்று வானொலி சொன்னதும், எதிர்வீட்டுக்காரர் கூரைத் தகரத்தின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார். ஈரச் சாக்கின் வாடை என்னை யுத்தகாலக் கொழும்புக்கு, வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது.

அன்றும் கடல் கறுத்திருந்தது. எங்கள் தகரங்கள் பறந்துவிடாமலிருக்க, அப்பாவும் நானும் கடற்கரையில் மணல் அள்ளி, அரிசிச் சாக்குகளில் கட்டிச் சைக்கிளில் தள்ளிவந்தோம். தண்டவாளத்தருகே காவலரண் சிப்பாய் துவக்கை நீட்டி மறித்தான்.

"மணல் மூட்டை என்னத்துக்கு? பங்கர் கட்டவோ?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கூரைக்கு, மாத்தயா. காத்து வருது," என்றார் அப்பா, அதே மொழியில். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சிப்பாய் எல்லா மூட்டையையும் வீதியில் கொட்டிக் காலால் கிளறினான். அப்பாவின் அடையாள அட்டையை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழை பிடித்த பிறகே போகவிட்டான். மணலை அள்ள நேரமில்லை, வெறுஞ்சாக்குகளோடு ஓடினோம்.

வீட்டை நெருங்கும்போதே குசினித் தகரம் பிய்ந்து பறந்தது. அடுப்பில் மழை கொட்டியது. அப்பா தலையில் கைவைத்து நின்றார். சிப்பாய் மறித்ததை நான் சொன்னதும், அம்மா நனைந்தபடி ஓடிவந்து அவர் கையை இறுகப் பிடித்தார்.

"தகரம் போனாப் போகட்டும். உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகேல்லத்தானே."